பள்ளிக்கூடத்தில் போடும் ஊசி எதற்கு? 10, 16 வயது பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"கைக்குழந்தையா இருக்கும்போதே எல்லா ஊசியும் போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?" பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வரும் நர்சுகளிடம் பல பெற்றோர் கேட்கும் கேள்வி இது. சிலர் காய்ச்சல் வரும் என்று பயந்து, ஊசி போடும் நாளில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்தி விடுகிறார்கள். இது ஆபத்தில் முடியலாம்.

10 வயதிலும் 16 வயதிலும் போடப்படுவது ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய 2 நோய்களையும் தடுக்கும் ஊசி. முன்பு ரண ஜன்னிக்கு மட்டும் போட்டு வந்தனர். 2019-ம் ஆண்டு முதல் இரண்டும் சேர்ந்த ஊசியாக மாற்றப்பட்டது. அதனால் இதை "அடிபட்டா போடுற ஊசி" என்று மட்டும் நினைத்து ஒதுக்கக் கூடாது.

தொண்டை அடைப்பானை டிப்தீரியா என்பார்கள். முதலில் காய்ச்சல், தொண்டை வலி. பிறகு தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஜவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி கக்கும் விஷம் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சிகிச்சை கொடுத்தாலும் 10 பேரில் ஒருவர் வரை இறக்க வாய்ப்பு உண்டு.

குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களிலும், பிறகு ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் இதற்கான ஊசி போடப்படுகிறது. அந்த எதிர்ப்பு சக்தி ஆயுசுக்கும் நிற்காது. வருடம் போகப் போகக் குறையும். ஆனால் உடம்பு பழைய கிருமியை மறப்பதில்லை. பூஸ்டர் ஊசி போட்டதும் சில நாட்களிலேயே எதிர்ப்பு சக்தி மளமளவென்று ஏறிவிடும்.

ஊசியை விட்டால் என்ன ஆகும்? 1990-களில் சோவியத் யூனியன் உடைந்தபோது அங்கு தடுப்பூசி வேலை சீர்குலைந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் தாக்கியது. சுமார் 5 ஆயிரம் பேர் இறந்தனர். அவர்களில் பெரியவர்களும் ஏராளம். பக்கத்து மாநிலமான கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் 2016-ம் ஆண்டு இந்த நோய் பரவி, வளர்ந்த பிள்ளைகளே பலியானார்கள்.

ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். தானாகவே சரியாகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் போட்ட அன்று பிள்ளை லீவு என்றால் கவலை வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். சின்ன வயது ஊசிகளே விட்டுப் போயிருந்தால் ஒரு பூஸ்டர் மட்டும் போதாது. தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டி, எத்தனை ஊசி பாக்கி என்று கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் கை வலிக்குப் பயந்தால், நாளைக்குப் பிள்ளையின் உயிருக்கே பயப்பட வேண்டி வரும்.