ஓடாத எழுத்து

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் எல்.இ.டி. போர்டு செய்து கொடுப்பது என் தொழில். "அண்ணே, எழுத்து ஸ்பீடா ஓடணும். பைக்ல போறவன் திரும்பிப் பாக்கணும்" என்றுதான் எல்லாக் கடைக்காரரும் கேட்பார்கள். எழுத்து ஓடுவதே இல்லை என்பதை நான் அவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் ரேட்டைக் குறைப்பார்கள்.

போர்டில் அடுக்கும் பி10 மாட்யூல் ஒன்றில் 32க்கு 16 என 512 பல்புகள். ஒன்றுகூட இடம் மாறாது. ஒன்று அணைய, பக்கத்தில் இருப்பது எரியும், அவ்வளவுதான். அதிலும் ஒரு கணத்தில் எரிவது நான்கில் ஒரு பங்கு வரிசைகள் மட்டுமே. அதிவேகமாக மாறி மாறி எரிவதால் முழு எழுத்தாகத் தெரிகிறது. செல்போனில் படம் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டை விழுவது இதனால்தான். "போர்டு ரிப்பேர்" என்று உடனே எனக்கு போன் வரும்.

அணைந்து எரிவது ஓடுவதாகத் தெரியும் இந்த மாயத்தை அளந்து பார்த்தவர் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர். 1912இல் அவர் வெளியிட்ட ஆய்வு இரண்டு கோடுகளைப் பற்றியது. ஒன்றைக் காட்டி மறைத்துவிட்டு மற்றதைக் காட்டுவார். இடைவெளி 30 மில்லி நொடி என்றால் இரண்டும் சேர்ந்தே தெரியும். 200 என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே. 60ஐ ஒட்டி இருந்தால் ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்கிறது! நம்மூர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனும் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸும் பின்னாளில் இதை இன்னும் தோண்டினார்கள். அவர்கள் சொல்வது இது: சிறுத்தை பாயும்போது அதன் ஒவ்வொரு புள்ளியையும் மூளை தொடர்வதில்லை. உடலின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, புள்ளிகளும் கூடவே போனதாக எழுதிக்கொள்கிறது.

பொய் அசைவு உடம்பையே நம்ப வைக்கும் என்பதற்குத் தாம்பரம் ஸ்டேஷன் போதும். நிற்கிற லோக்கலில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. ஜன்னல் முழுக்க ஒரே பக்கமாக நகர்ந்தால், நகர்வது நாம்தான் என்று முடிவுகட்டிவிடுகிறது மூளை. எதிர்ப்பக்கம் திரும்பி பிளாட்பாரத் தூணைப் பார்த்தால் தெளியும்.

கவனத்தை இழுப்பது எது என்பது வேறு கேள்வி. செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆப்ராம்ஸும் ஷான் கிறிஸ்ட்டும் 2003இல் வெளியிட்ட முடிவு என் தொழிலுக்கே நேராக வருகிறது: ஓடிக்கொண்டே இருப்பதைவிட, நின்றிருந்து புதிதாகக் கிளம்புவதுதான் கவனத்தைப் பறிக்கிறது. அவர்கள் பயன்படுத்தியதும் கணினித் திரைதான், அதாவது என் போர்டின் ஜாதி. ஆகவே அசைவு பொய்யானாலும் கவனம் சிக்கும். எழுத்து நிற்கட்டும், பிறகு கிளம்பட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். "நின்னா போர்டு கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க" என்கிறார் பல்லாவரம் ஸ்வீட் கடைக்காரர்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2015இல் பார்வை ஆய்வாளர்கள் மத்தேயோ லிசியும் பாட்ரிக் கவானாவும் வெளியிட்ட சோதனை. ஒரு சின்ன வட்டம் நேர்கோட்டில் மேலும் கீழும் போகிறது. அதற்குள்ளே கோடுகள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே இருக்கின்றன. ஓரக்கண்ணால் பார்த்தால் வட்டம் தன் பாதையை விட்டு நன்றாகச் சாய்ந்து போவதாகத் தோன்றும். ஆனால் 'அதைப் பார்' என்றதும் கண் தாவி விழுந்தது, வட்டம் உண்மையில் இருந்த இடத்தை ஒட்டியே. ஆள் ஏமாந்திருக்க, கண் ஏமாறவில்லை!

கவானாவின் குழு அதோடு விடவில்லை. வட்டம் மறைந்து, கொஞ்சம் காத்திருந்து, நினைவை வைத்துக் கண்ணை நகர்த்தச் சொன்னார்கள். 2018இல் வந்த அந்த ஆய்வில், கண் பொய்ப் பாதையின் பக்கமே சாய்ந்தது. உடனே தாவினால் சரி, நினைவில் இருந்து தாவினால் பிசகு.

இதற்கும் என் போர்டுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாதுதான். ஆனாலும் கடைப் பெயரை எப்படி வேண்டுமானாலும் ஓட்டித் தருகிறேன், போன் நம்பரை மட்டும் ஓடவிடுவதில்லை.