அக்காவும் தம்பியும் ஒரே வீட்டுக்கு வர வேண்டும்: இந்தியாவிலிருந்து உறவுப் பிள்ளைகளைத் தத்தெடுப்பது எப்படி?

பந்திங் பக்கம் வாழும் ஒரு தம்பதியை நினைத்துக்கொள்வோம். கணவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மலேசியர். மனைவி புதுக்கோட்டையிலிருந்து திருமணமாகி வந்தவர். சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. கடப்பிதழ் இன்னும் இந்தியக் கடப்பிதழ்தான். ஊரிலிருந்த அவருடைய தங்கையும் தங்கை கணவரும் சாலை விபத்தில் இறந்துவிடுகிறார்கள். 9 வயதுப் பெண்ணும் 6 வயதுப் பையனும் வயதான பாட்டியின் கையில் நிற்கிறார்கள். "பெரியம்மா நான் இருக்கிறேன், இங்கே கொண்டுவந்து வளர்க்கிறேன்" என்கிறார் அவர். கணவரும் சம்மதிக்கிறார்.

இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன குடும்பம். ஆனால், இங்கும் தமிழ்நாட்டிலும் சொந்தம் உள்ள எந்த வீட்டுக்கும் இந்த நிலை வரலாம். அப்போது பலருக்கும் முதலில் தோன்றுவது, "டிக்கெட் போட்டுக் கூட்டி வந்துவிடுவோம், பத்திரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான். பிள்ளைகளுக்கு ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். பிள்ளைகளைக் கூட்டி வருவது கடைசிப் படி. அதற்கு முன் ஏற வேண்டிய படிகள் பல இருக்கின்றன.

சட்டம் சொல்லும் 'உறவினர்' யார்?

இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், வெளிநாட்டில் வாழும் உறவினர் தத்தெடுக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் நம் வழக்கில் உறவு என்றால் ஊர் முழுக்க விரியும்; சட்டத்தில் அது குறுகியது. தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, இருபக்கத்துத் தாத்தா பாட்டி ஆகியோரோடு அது முடிந்துவிடுகிறது. ஒன்றுவிட்ட அண்ணன், பங்காளி வீட்டு அக்கா ஆகியோர் இந்த வழியில் வர முடியாது. தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பங்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பந்திங் பெரியம்மா இந்த வரையறைக்குள் வருகிறார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தாலும், உறவுப் பிள்ளைகளை எடுப்பதற்கு அது தடையில்லை.

ஊரில் எழுதும் சுவீகாரப் பத்திரம் போதுமா?

ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சடங்கு செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் வழி. அதில் ஒரு முக்கிய நிபந்தனை இருக்கிறது. ஏற்கெனவே மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படியே. ஆகவே அண்ணன் தம்பி இருவரையோ அக்கா தங்கை இருவரையோ ஒரே வீட்டார் இந்த வழியில் எடுக்க இயலாது. அக்காவும் தம்பியும் என்றால் முடியலாம், அதுவும் வீட்டில் சொந்த மகனோ மகளோ இல்லாதிருந்தால்.

வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதென்றால் இந்தப் பத்திரம் மட்டும் போதாது. இந்திய அரசின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் தடையில்லாச் சான்றிதழும் வேண்டும்.

இந்தியாவில் ஏற வேண்டிய படிகள்

முதலாவது, வீட்டாய்வு அறிக்கை. தம்பதியின் வருமானம், உடல்நலம், வீடு, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து எழுதப்படுவது இது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கு 1993-இல் ஹேக் உடன்பாடு உருவானது. இந்தியா அதில் 2003-இல் சேர்ந்தது; மலேசியா சேரவில்லை. அதனால் அந்த உடன்பாட்டின்படி அமையும் மைய அலுவலகம் இங்கு இல்லை. அறிக்கையை யார் தருவார் என்பதைக் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்திலும் சமூகநல இலாகாவிலும் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. தத்தெடுப்பவர் இந்தியக் குடிமகனா, வெளிநாட்டவரா என்பதைப் பொறுத்து வழி மாறும் என்பதால், மனைவியின் கடப்பிதழ் விவரத்தை அங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, சம்மதம். பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்கள் எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். 5 வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்கப்படும். அக்காவுக்கு 9, தம்பிக்கு 6. ஆக இருவருக்குமே சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. அதை மதித்து, முன்கூட்டியே அவர்களிடம் பேசியிருக்க வேண்டும்.

மூன்றாவது, தத்தெடுப்பு ஆணை. முன்பு நீதிமன்றம் வழங்கியது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அதன்பின் காராவின் தடையில்லாச் சான்றிதழ், பிறகு கடப்பிதழ், விசா.

இவற்றைத் தவிர்த்து, ஆதரவற்ற பிள்ளையை முறையின்றிக் கொடுப்பதும் வாங்குவதும் அந்நாட்டில் குற்றம். 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "எல்லாம் நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் தரகரை நம்புவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இருவரையும் பிரிக்கலாமா?

செலவை நினைத்து, "பையனை மட்டும் கொண்டு வருவோம், பெண் பாட்டியோடு இருக்கட்டும்" என்று பேசும் வீடுகளும் உண்டு. 2009-இல் ஐநா பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள், பாசத்தோடு இருக்கும் உடன்பிறப்புகளைத் தகுந்த காரணமின்றிப் பிரிக்கக் கூடாது என்கின்றன. இந்தியச் சட்டமும், வெளிநாட்டு உறவினர் ஒரு பிள்ளையை மட்டும் எடுத்தாலும் அதன் உடன்பிறப்புகளோடு தொடர்பு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது.

அம்மா அப்பாவை இழந்த பிள்ளைகளுக்குப் பழைய வீட்டிலிருந்து மிஞ்சியிருப்பது ஒருவருக்கு ஒருவர்தான். தம்பிக்குச் சோறு ஊட்டுவதும் தூங்கவைப்பதும் தன் பொறுப்பு என்று அக்கா எண்ணியிருப்பாள். புது வீட்டில் அந்த வேலையை அவளிடமிருந்து ஒரேயடியாகப் பறிக்காமல், மெல்ல மெல்லப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவளும் பிள்ளைதான்.

மலேசியாவில் அடுத்த கட்டம்

இந்தியாவில் பெற்ற ஆணை இங்கே தானாக மைகார்டு ஆகிவிடாது. இங்கு வந்தபின் பிள்ளைகள் தங்குவதற்கு எந்த அனுமதி கிடைக்கும் என்பதைக் குடிநுழைவு இலாகாவில் பயணத்துக்கு முன்பே கேட்க வேண்டும். சுற்றுப்பயண அனுமதியில் வந்து, காலம் முடிந்தும் தங்கிவிட்டால் அந்தப் பிள்ளை சட்டவிரோதமாகத் தங்கியவராகிவிடும்.

தீபகற்பத்தில் இரண்டு சட்டங்கள் உள்ளன. 1952-ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டம் முஸ்லிம் அல்லாதோருக்கானது. நீதிமன்றத்தின் வழி செல்வது. பிள்ளை இங்கு வசிப்பதோடு, ஆணைக்கு முன் குறைந்தது 3 மாதம் தொடர்ந்து விண்ணப்பதாரரின் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். ஆணை கிடைத்தால் சொந்தப் பிள்ளைக்குரிய சொத்துரிமையும் உண்டு. அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் தேசியப் பதிவிலாகாவின் வழி செல்வது. 2 ஆண்டு வளர்த்திருக்க வேண்டும், சொத்துரிமை வராது. சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உண்டு.

இரண்டில் எதில் போனாலும், தத்தெடுப்பு பெற்றோரைத் தரும், குடியுரிமையைத் தராது. பலர் தடுக்கி விழும் இடம் இது. குடியுரிமைக்கு வழக்கமாக நாடப்படுவது அரசமைப்புச் சட்டத்தின் 15A பிரிவு. சிறப்புச் சூழலில் குடியுரிமை வழங்க அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தருகிறது. கிடைத்தே தீரும் என்ற உறுதி கிடையாது. முன்பு 21 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆகக் குறைத்தது. 9 வயது அக்காவுக்கு 9 ஆண்டுதான் கையில் இருக்கிறது. விண்ணப்பங்கள் ஆளுக்கொன்றாகப் பார்க்கப்படுவதால், தம்பிக்குக் கிடைத்து அக்காவுக்குத் தாமதமாகவும் கூடும்.

குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் கூடுதல். 12 வயதில் வகுப்புத் தோழர்கள் நீல மைகார்டு எடுக்கும்போது அதற்கு அது கிடைக்காது. மேற்படிப்பு, வேலை எல்லாவற்றிலும் இது பின்தொடரும்.

இன்றே தொடங்க வேண்டியவை

பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உறவை நிரூபிக்கும் ஆவணங்கள் ஆகியவற்றின் அசலை ஊரிலேயே சேகரித்துப் பத்திரப்படுத்த வேண்டும். இரு பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கோப்பு வேண்டும். குடும்ப வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரை இங்கும் ஒருவரை அங்கும் தொடக்கத்திலேயே கலந்துகொள்வது, பிறகு ஆகும் செலவைக் குறைக்கும்.

வேலை முடியும்வரை பிள்ளைகள் பாட்டியிடமே இருக்கட்டும். மாதம் தவறாமல் பணம் அனுப்பலாம், நாள் தவறாமல் வீடியோவில் பேசலாம், விடுமுறைக்குப் போய் வரலாம். காத்திருக்கும் காலம் நீளமாகத் தோன்றும். ஆனால் சரியான பத்திரத்தோடு இருவரும் சேர்ந்து வந்து இறங்கினால்தான் பெரியம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் காவலாக இருக்கும்.