900 ஆண்டு வாழ்ந்த தோல் புத்தகம்! 16 ஆண்டில் ஊமையான வெள்ளித் தட்டு!

ஒரு புத்தகம். ஆட்டுத் தோலில் மை தொட்டு எழுதியது. அதற்கு வயது 900-க்கு மேல். லத்தீன் மொழி தெரிந்தவர்கள் இன்றும் அதைப் படிக்கலாம்!

இன்னொரு "புத்தகம்". பளபளக்கும் தட்டில் பதிந்தது. 10 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து உருவாக்கியது. 16 ஆண்டுகள்தான் ஆயின. அதற்குள் அதைப் படிக்கக் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது!

இரண்டும் பிரிட்டனில் நடந்த கதை.

அரசர் எடுத்த கணக்கு

1066-ம் ஆண்டு போரில் வென்று இங்கிலாந்தின் அரசரானவர் வில்லியம். நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, அதில் எவ்வளவு வரி வரும் என்று அறிய அவர் விரும்பினார். 1085-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் உத்தரவு போட்டார்.

அதிகாரிகள் ஊர் ஊராகப் போனார்கள். ஏர் எத்தனை, மாவு அரைக்கும் ஆலை எத்தனை, குடி எத்தனை என்று விசாரித்தார்கள். 1086-ல் கணக்கு எடுத்தாயிற்று.

அதற்கு மக்கள் வைத்த பெயர், "டூம்ஸ்டே புத்தகம்". "தீர்ப்பு நாள் புத்தகம்" என்று பொருள். அதில் எழுதியதை எதிர்த்து யாரும் வாதாட முடியாது. அதனால் அந்தப் பெயர்!

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் அதைப் போற்றிக் காக்கிறது.

பிள்ளைகள் எழுதிய புத்தகம்

1986-ல் அந்தப் புத்தகத்துக்கு 900 ஆண்டு நிறைந்தது. அதைக் கொண்டாட பி.பி.சி. நிறுவனம் ஒரு திட்டம் போட்டது. "நம் காலத்து வாழ்க்கையையும் அப்படியே பதிந்து வைப்போம்" என்பதே அந்தத் திட்டம்.

நாட்டை 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் உள்ள கட்டங்களாகப் பிரித்தார்கள். பள்ளிக்கூடங்கள் பல கட்டங்களை ஏற்றுக்கொண்டன. பிள்ளைகள் தங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதினார்கள். படமும் எடுத்து அனுப்பினார்கள். 1,000 ஆண்டு கழித்து வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு எழுதினார்கள்!

ஆன செலவு சுமார் 25 லட்சம் பவுன். எல்லாவற்றையும் இரண்டு லேசர் தட்டுகளில் பதிந்தார்கள். ஒவ்வொரு தட்டும் பழைய கிராமபோன் இசைத்தட்டு அளவு இருக்கும்.

சாவி தொலைந்தது!

அந்தத் தட்டை எல்லாக் கருவியிலும் போட முடியாது. அதற்கென்று செய்த ஒரு பிலிப்ஸ் கருவி வேண்டும். அதனோடு பி.பி.சி. மாஸ்டர் என்ற கம்ப்யூட்டரும் வேண்டும். மொத்த விலை சுமார் 5 ஆயிரம் பவுன்! பல பள்ளிக்கூடங்களால் வாங்க முடியவில்லை. தாங்கள் எழுதியதைத் தாங்களே பார்க்காத பிள்ளைகள் பலர்.

ஆண்டுகள் ஓடின. உலகம் வேறு வகைக் கம்ப்யூட்டருக்கு மாறியது. அந்தக் கருவியைச் செய்வது நின்றது. இருந்தவையும் ஒவ்வொன்றாகப் பழுதாயின.

2002-ல் பத்திரிகைகள் இதை எழுதின. மக்கள் திடுக்கிட்டார்கள். பெட்டி இருக்கிறது, பெட்டிக்குள் பொருளும் இருக்கிறது, சாவி மட்டும் தொலைந்துகொண்டிருந்தது!

வேஷம் போட்ட கம்ப்யூட்டர்

அந்தச் சமயத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகொடுத்தன. ஒன்று இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ். மற்றொன்று அமெரிக்காவில் உள்ள மிச்சிகன்.

வேலை செய்யக்கூடிய பழைய கருவி ஒன்றை வைத்து, தட்டில் இருந்ததைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். பிறகு செய்ததுதான் வேடிக்கை! புதிய கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டரின் வேஷத்தைப் போட்டார்கள். அதற்கென்று ஒரு மென்பொருள் எழுதினார்கள். "எமுலேட்டர்" என்பது அதன் பெயர். அது பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும்.

2002 டிசம்பரில் தட்டு மறுபடியும் பேசியது!

கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்

இதே போன்ற வித்தையை இன்று அலுவலகங்களும் கையாளுகின்றன.

ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். சம்பளக் கணக்குப் போட்ட கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. அதற்கு ஓய்வு கொடுத்தாயிற்று. ஆனால் கணக்கை எறிய முடியுமா? ஓய்வு பெற்ற தொழிலாளி பென்ஷனுக்காக வந்து கேட்பார். கணக்கு இல்லையென்றால் அவர் கதி என்ன?

அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருள், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி வைக்கிறார்கள். வேண்டும்போது இன்னொரு கம்ப்யூட்டருக்குள் அதை ஓட விடலாம். இதை "விர்ச்சுவல் மெஷின்" என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்!

அதோடு கவலை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் லைசென்ஸ் குறுக்கே வருகிறது.

காசு கட்டாத பூட்டு

இப்படி நகல் எடுத்து வைப்பதற்கு "பேக்கப்" என்று பெயர். அதற்கான மென்பொருளை விற்கும் நிறுவனங்களில் பல, ஆண்டுதோறும் கட்டணம் வாங்குகின்றன. எத்தனை மெஷின் என்று எண்ணி வாங்குகிற நிறுவனங்களும் உண்டு.

"ஓய்வு பெற்ற மெஷினுக்கு எதற்குப் பணம்?" என்று கட்டணத்தை நிறுத்தத் தோன்றும். நிறுத்துவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பேக்கப் பல சமயம் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டுமே புரியும் வடிவில் இருக்கும். லைசென்ஸ் தீர்ந்த பிறகும் திறக்க விடுவார்களா? சம்பளக் கணக்கு மென்பொருளுக்கும் லைசென்ஸ் உண்டே, அது செல்லுமா? விற்ற நிறுவனமே மூடிப்போனால் யாரைக் கேட்பது?

இவற்றுக்குப் பதில் தெரியாமல் எடுத்து வைத்த நகல், சாவி இல்லாத பெட்டிதான்!

மீண்டும் மறைந்தது

பிரிட்டன் தட்டுகளின் கதையும் 2002-ல் முடியவில்லை. ஊர் மக்கள் எழுதிய தட்டு, இணையத்தில் வெளிவந்தது. அதை நடத்தியவர் 2008-ல் இறந்தார். இணையப் பக்கமும் மறைந்தது! 2011-ல் பி.பி.சி. அதை மறுபடியும் இணையத்தில் ஏற்றியது. 2018-ல் அந்தப் பக்கமும் மூடப்பட்டது. நல்ல வேளை! அதன் நகலைத் தேசிய ஆவணக் காப்பகம் எடுத்து வைத்திருந்தது.

மற்றொரு தட்டின் கதை வேறு. அதில் உள்ள படங்களுக்கும் புள்ளிவிவரங்களுக்கும் உரிமை பலரிடம் இருந்தது. எல்லோருக்கும் திறந்துவிட அந்த உரிமைகள் தடையாக நின்றன.

வீட்டில் என்ன செய்யலாம்?

இது அலுவலகத்துக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல. தாத்தாவின் குரல் பதிந்த கேசட் அலமாரியில் இருக்கும். போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர் இருக்காது! கல்யாண வீடியோ நாடாவின் கதியும் அதுதான்.

நிபுணர்கள் சொல்லும் வழி சுலபமானது.

முக்கியமானவற்றுக்கு மூன்று நகல் வேண்டும். அவை இரண்டு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒன்றை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

எந்த மென்பொருளாலும் திறக்கக்கூடிய எளிய வடிவில் ஒரு நகல் வேண்டும்.

எதைத் திறக்க என்ன வேண்டும், கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்! திறக்கவில்லை என்பது இன்று தெரிந்தால் சரி செய்யலாம். 20 ஆண்டு கழித்துத் தெரிந்தால் அழத்தான் முடியும்.

1986-ல் பத்து வயதில் எழுதிய பிள்ளைகள், இன்று ஐம்பது வயதை ஒட்டியவர்கள். அவர்களுடைய எழுத்து இன்னும் இருக்கிறது. தட்டு உறுதியானது என்பதால் அல்ல. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், காலம் கடக்கும் முன் எடுத்துப் பார்த்தார் என்பதால்!