எல்லை தாண்டும் சரக்கு – 9: விலை பேசாத வால்வு

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை. பொழுது இன்னும் விடியவில்லை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் செய்கி கம்பெனியின் ஆலை தீப்பிடித்தது. காலை ஒன்பது மணிக்குள் பி-வால்வு தயாரிக்கும் பிரிவு சாம்பலாகிவிட்டது.

பி-வால்வு, சிகரெட் பாக்கெட் அளவே உள்ள பாகம். பிரேக் போட்டதும் பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தி, வண்டி சறுக்காமல் காப்பது அதன் வேலை. அப்போது ஒன்று சுமார் ஆயிரம் யென். டொயோட்டாவின் தேவையில் 99 சதவீதம் இந்த ஓர் ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 32,500 வால்வுகள்! சரக்கைக் குவித்து வைப்பது வீண் என்பது டொயோட்டாவின் வேதம். கையிருப்பு சில மணி நேரத்துக்கே வரும். செவ்வாய்க்கிழமைக்குள் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

ஐசின் என்ன செய்தது? வால்வின் வரைபடங்களை எடுத்து, செய்து தர முன்வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டது. போட்டியாளர் கண்ணில் படாமல் பூட்டி வைக்கிற சங்கதி அது. சுமார் 200 கம்பெனிகள் கைகொடுக்க வந்தன. 62 இடங்களில் வால்வு தயாரானது. ஐசினிடம் இருந்த தனி இயந்திரங்கள் எரிந்துபோனதால், ஒவ்வொருவரும் தன் பட்டறையில் இருந்ததைக் கொண்டே கடைந்தார்கள். டொயோட்டாவின் இன்னொரு சப்ளையரான டென்சோ தன் சொந்த வேலைகளை வெளியே தள்ளிவிட்டு வால்வுக்கு இயந்திரங்களை ஒதுக்கியது. தையல் மிஷினுக்குப் பேர்போன பிரதர் கம்பெனி அதுவரை கார் பாகம் எதையும் தொட்டதில்லை. சுமார் 500 மனித-மணி நேரம் செலவழித்து ஓர் இயந்திரத்தை மாற்றியமைத்தது. அதில் கிடைத்தது நாளொன்றுக்கு 40 வால்வு! 32,500-க்கு முன்னால் 40 எந்த மூலைக்கு என்று பிரதர் கணக்குப் பார்க்கவில்லை.

நான்கு நாட்களில் முதல் வால்வுகள் வந்து சேர்ந்தன. அடுத்த சில நாட்களில் கார்களும் வரத் தொடங்கின. டொயோட்டாவுக்கு ஏறத்தாழ 70,000 வண்டிகள் நஷ்டம். பல வாரம் படுத்துவிடும் என்று பலரும் ஆரூடம் சொன்ன கம்பெனிக்கு இது சில்லறைக் காயம். விலை என்ன, யார் பணம் தருவது என்று அந்த வாரத்தில் எவரும் வாய் திறக்கவில்லை.

அதே தொண்ணூறுகளில் அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டில் நடந்தது வேறு கதை. ஜெனரல் மோட்டார்ஸ் 1992-ல் ஹோசே இக்னாசியோ லோபஸ் என்ற ஸ்பானியரைக் கொள்முதல் தலைவராக்கியது. கையெழுத்தான ஒப்பந்தங்களையே கிழித்து, விலையைக் குறை என்று அவர் நெருக்கினார். தங்கள் வரைபடத்தைப் போட்டிக் கம்பெனிக்குக் காட்டி இன்னும் மலிவாகக் கேட்கிறார்கள் என்று சப்ளையர்கள் குமுறினார்கள். கம்பெனிக்குப் பணம் மிஞ்சியது நிஜம். ஆனால் புதிய கண்டுபிடிப்பு கையில் இருந்தால், சப்ளையர்கள் முதலில் வேறு வாசலைத் தட்டத் தொடங்கினார்கள். கரியாவில் வரைபடத்தைத் தயங்காமல் கொடுத்தார்கள். டெட்ராய்ட்டில் கொடுக்கவே பயந்தார்கள்.

இதெல்லாம் ஜப்பானிய ரத்தத்தில் ஊறியது என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? இடிக்கிறது. அமெரிக்காவின் கார் பாக உற்பத்தியாளர்களிடம், எந்தக் கம்பெனியோடு வேலை செய்வது நிம்மதி என்று ஆண்டுதோறும் கருத்துக் கேட்கும் ஆய்வு ஒன்று உண்டு. 2000-களில் அதில் முன்னால் நின்றவை டொயோட்டாவும் ஹோண்டாவும்தான். சொந்த ஊர்க்காரர்களான ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் பின்தங்கின. பதில் சொன்னவர்கள் ஓஹையோவிலும் மிச்சிகனிலும் தொழில் செய்கிறவர்கள். அதே ஆட்கள் டெட்ராய்ட்டுக்கும் சரக்கு அனுப்பியவர்கள்.

டொயோட்டா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல. சப்ளையரிடம் விலையைக் குறைத்துக்கொண்டே வா என்று அதுவும் வற்புறுத்தும். ஆனால் எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தரத் தன் பொறியாளர்களையும் அனுப்பிவைக்கும்; அடுத்த மாடலுக்கும் ஆர்டர் வரும் என்ற தெம்பைக் கொடுக்கும். இந்த நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவரையே நம்பி, கையிருப்பும் இல்லாமல் இருந்ததால்தான் ஓர் ஆலை எரிந்ததும் அத்தனை ஆலைகளும் நின்றன. கவிழ்த்ததும் தூக்கிவிட்டதும் ஒரே உறவுதான்.

கணக்கு பிறகு தீர்க்கப்பட்டது. வால்வு செய்தவர்களுக்கான செலவை ஐசின் கொடுத்தது. டொயோட்டா தன் பங்குக்கு, நேரடி சப்ளையர்கள் ஒவ்வொருவருக்கும் அந்தக் காலாண்டு விற்பனையில் 1 சதவீதத்தை வழங்கியது. மொத்தம் 1,500 கோடி யென்னுக்கு மேல்.

(தொடரும்)