மாமரத்தில் ஒட்டியிருப்பதெல்லாம் புல்லுருவியா? ‘வாண்டா’ ஆர்க்கிட்டை அடையாளம் காண்பது எப்படி?

ஓசூர் என்றால் ரோஜா, கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம். இந்த மாவட்டத்துக்கு அறிமுகம் சொல்ல இந்த இரண்டு போதும். பிப்ரவரி 14 நெருங்கும்போது ஓசூர் பசுமைக்குடில்களில் இருந்து ‘தாஜ்மஹால்’ ரக சிவப்பு ரோஜாக்கள் பெட்டி பெட்டியாக பெங்களூரு விமான நிலையத்துக்குப் போகும். மே, ஜூனில் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் மாங்காய் லோடு வண்டிகள் வரிசை கட்டும்.

ஆனால் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், பழைய மா, புளிய மரங்களின் கிளைகளிலும் தானாக வளர்ந்து பூக்கும் ஒரு செடி இருக்கிறது. கோடையில் மரத்தடியில் நின்றால் இனிப்பான வாசனை வரும். எங்கிருந்து வருகிறது என்று தேடினால், தலைக்கு மேலே பழுப்பும் மஞ்சளும் கட்டம் போட்ட, சட்டைத் துணி மாதிரி ஒரு பூ. அதுதான் ‘வாண்டா டெஸ்ஸலேட்டா’. வாசனை ஆர்க்கிட்களுக்குப் பெயர்போன ‘வாண்டா’ பேரினத்தில், தமிழ்நாட்டின் வறண்ட இலையுதிர் காடுகளைச் சொந்த வீடாகக் கொண்ட இனம்.

சிக்கல் என்னவென்றால், தோப்பில் இதைப் பார்ப்பவர்களில் பலருக்கு இது ஆர்க்கிட் என்று தெரியாது. “புல்லுருவிதானே, வெட்டிப் போடு” என்பதோடு கதை முடிந்துவிடும்.

பெயரிலேயே பழி

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘வாண்டா’ என்ற பெயர் லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை, சமஸ்கிருதம். ‘வந்தா’ என்ற அந்தச் சொல்லுக்கு, மரத்தின் மேல் ஒட்டி வளரும் செடி, அதாவது புல்லுருவி வகை என்றுதான் பொருள். கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தை 1784-ல் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸ், இந்தியச் செடிகளைப் பற்றி எழுதிய குறிப்புகளில் இந்தப் பெயரைப் பதிவு செய்தார். பிறகு 1820-ல் ராபர்ட் பிரவுன் அதை முறையான பேரினப் பெயராக நிலைநாட்டினார். தாவரவியலில் இன்றைக்கும் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.

இனப்பெயரின் கதை இன்னும் பக்கத்து ஊர்க் கதை. சோழமண்டலக் கடற்கரைச் செடிகளைப் படம் வரைந்து பதிப்பித்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1795-ல் இதை ‘டெஸ்ஸலேட்டம்’ என்று குறிப்பிட்டார். கட்டம் கட்டமாகக் கல் பதித்த தரை போன்றது என்று அர்த்தம். பூவை ஒரு முறை பார்த்தால் வேறு பெயர் தோன்றாது.

மேற்குக் கடற்கரையில் இன்னும் நூறு ஆண்டு முன்னாடியே இதன் சொந்தக்காரச் செடி ஒன்று புத்தகம் ஏறிவிட்டது. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலில் மஞ்சள் பூ வாண்டா ஒன்று ‘பொன்னாம்பூ மரவாழை’ என்ற உள்ளூர்ப் பெயரோடே இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வளரும் அந்தச் செடியைப் பின்னாளில் தாவரவியலாளர்கள் வாண்டாவில் இருந்து பிரித்து, இலங்கையின் பழைய பெயரான தாப்ரபேனை நினைவுபடுத்தும் தனிப் பேரினத்தில் வைத்தார்கள். ‘மரவாழை’ என்று சொன்னவர்கள், மரத்தைக் கெடுக்கும் செடி என்று சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே கவனிக்கலாம்.

சரி, மரத்தை உறிஞ்சுமா உறிஞ்சாதா?

உறிஞ்சாது. இதுதான் தோப்புக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்.

புல்லுருவியால் மாமரத்துக்கு ஆபத்து என்பது நிஜம். அதன் பழத்தைப் பூக்கொத்திக் குருவி தின்னும், பிசுபிசுப்பான விதை கிளையில் ஒட்டிக்கொள்ளும். முளைத்ததும் பட்டையைத் துளைத்து உள்ளே வேர் மாதிரியான உறிஞ்சு உறுப்பை இறக்கி, மரம் மண்ணில் இருந்து எடுக்கும் தண்ணீரையும் சத்தையும் பிடித்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் கிளை காயும், காய்ப்பு குறையும். அதனால்தான் புல்லுருவி பிடித்த இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்டச் சொல்கிறார்கள். அது சரியான ஆலோசனை.

வாண்டா அப்படி இல்லை. அதற்கு மரம் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். மரத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, சாப்பாடு தனி. அதன் வேர் பட்டைக்கு மேலேயே படர்ந்து பிடித்துக்கொள்ளும், உள்ளே போகாது. விரல் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவான அந்த வேர்களை வெயில் நேரத்தில் பார்த்தால் வெள்ளி நிறம், மழை பட்டதும் பச்சை நிறம். வேரைச் சுற்றி இருக்கும் பஞ்சு போன்ற உறைதான் இந்த மாயத்துக்குக் காரணம். மழை பெய்யும்போது தண்ணீரைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், வெயிலில் உள்வேரைக் காயவிடாமல் மூடிக்கொள்ளும். பட்டையில் சேரும் தூசி, மட்கிய இலை, மழைநீரில் கரைந்து வருவது ஆகியவையே அதற்கு உரம்.

கிருஷ்ணகிரி கோடையை ஒரு செடி மண்ணே இல்லாமல் கடப்பது சாதாரண வேலை இல்லை. வாண்டா அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும்; கூடவே நீரும் ஆவியாகிப் போகும். வாண்டா இரவில் திறந்து, வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கும். கள்ளியும் அன்னாசியும் செய்வது இதே வேலைதான்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. புல்லுருவியின் இலை தடித்து, அகலமாக, சாதாரண மர இலை மாதிரி இருக்கும். கொத்துக் கொத்தாகக் குழல் வடிவப் பூ வரும். கிளையோடு சேரும் இடத்தில் முடிச்சு போல வீங்கியிருக்கும். வாண்டாவின் இலை நீண்ட பட்டை போல, நடுவில் வாய்க்கால் மாதிரி குழிந்து, தண்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி அடுக்கியிருக்கும். நுனி யாரோ பல்லால் கடித்த மாதிரி இருக்கும். முக்கியமாக, வெளியே தொங்கும் வேர். தொங்கும் தடித்த வேர் தெரிந்தால் அரிவாளைக் கீழே வைத்துவிடலாம்.

ஒரு செடி போனால் என்ன?

போனது திரும்ப வருவதற்கு எத்தனை தற்செயல்கள் சேர வேண்டும் என்று பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஆர்க்கிட் பூவில் மகரந்தம் பொடியாக இருக்காது. இரண்டு சின்ன உருண்டைகளாக இருக்கும். பூச்சி வந்தால் அப்படியே மொத்தமாக அதன் உடம்பில் ஒட்டும். அதே பூச்சி அதே இனத்தின் இன்னொரு பூவுக்குப் போனால்தான் காய். போகாவிட்டால் அந்தப் பூவின் மொத்த மகரந்தமும் வீண். அதனால் காட்டில் பூத்த பூக்களில் காயாவது கொஞ்சம்தான்.

காய்த்துவிட்டால் ஒரே காயில் ஆயிரக்கணக்கில் விதை. தூசி போல. காற்றில் எங்கே வேண்டுமானாலும் போகும். ஆனால் அந்த விதைக்குள் கட்டுச்சோறு கிடையாது. நெல்லுக்குள்ளும் அவரைக்குள்ளும் முளைக்கத் தேவையான உணவு இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் இல்லை. விழுந்த இடத்தில் குறிப்பிட்ட வகைப் பூஞ்சை இருந்து, அது உணவு ஊட்டினால்தான் முளைக்கும். அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-ல், பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்க முடியும் என்று காட்டினார். உலகம் முழுக்க இன்று விற்கும் ஆர்க்கிட் பூ வியாபாரம் அந்தக் கண்ணாடிக் குடுவையில் இருந்துதான் கிளம்பியது. தோப்பு மரத்துக்கு அந்த வசதி இல்லை. முளைத்து, பல ஆண்டுகள் வளர்ந்த பிறகுதான் முதல் பூ.

பட்டையில் பூஞ்சையும் ஈரமும் தங்க மரத்துக்கு வயசு வேண்டும். சொரசொரப்பான பட்டையுள்ள பழைய மா, புளி, இலுப்பை மரங்கள்தான் இதற்குத் தோது. அவைதான் இங்கே வேகமாகக் குறைகின்றன. ஓசூரைச் சுற்றித் தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் விரிகின்றன. சாலை அகலமாகும்போது ஓரத்துப் புளியமரம்தான் முதலில் விழுகிறது. பழைய தோப்புகளை எடுத்துவிட்டு அடர்நடவுக்கு மாறும் விவசாயியையும் குறை சொல்ல முடியாது, விலை இல்லாத வருஷத்தில் அவர் கணக்கு அவருக்கு. ஆனால் 5 வயசு ஒட்டுமரத்தின் வழுவழுப்பான பட்டையில் வாண்டா சுலபத்தில் குடியேறாது.

மீதி நம்பிக்கை காடுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2014-ல் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. யானை வழித்தடத்துக்காகத்தான் இந்த அறிவிப்புகள் செய்தியாயின. மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் செடிகளும் அந்த எல்லைக்குள் வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே கொஞ்சம் குழப்பம் உண்டு. ‘வாண்டாவைப் பறித்தால் ஜெயில்’ என்று சொல்லப்படுவது, வடகிழக்கு மலைகளின் நீல வாண்டாவைப் பற்றியது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லி இடம்பெற்ற மிகச் சில செடிகளில் அதுவும் ஒன்று. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது.

அதற்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் வரலாறு. 1850-ல் காசி மலைக்குப் போன ஜோசப் ஹூக்கர், லண்டன் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை நீல வாண்டாவைப் பிடுங்கிக் கட்டினார். உயிரோடு போய்ச் சேர்ந்தது சொற்பம். இதை எழுதி வைத்திருப்பதும் அவரேதான். அடுத்து வியாபாரிகள் போனார்கள். பன்னாட்டு வணிகத்தை முழுசாகத் தடுக்கும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது வெகுகாலம் இருந்தது. 2004 பாங்காக் மாநாட்டில்தான் இரண்டாம் பட்டியலுக்கு இறக்கப்பட்டது.

நம்ம ஊர் கட்டம் போட்ட வாண்டா, அட்டவணையில் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்படவில்லை. அதற்காக யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. சரணாலயத்திலோ காப்புக்காட்டிலோ அனுமதியில்லாமல் எந்தச் செடியை எடுத்தாலும் குற்றம். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும் சைட்ஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சொந்தத் தோப்பில் இருப்பதுதான் முழுக்க உரிமையாளரின் மனசைப் பொறுத்தது.

வேருக்கும் ஆள் வருகிறார்கள்

பூவைவிட வேருக்குத்தான் பழைய கிராக்கி. ஆயுர்வேதத்தில் மூட்டு வலிக்குச் சொல்லப்படும் ‘ராஸ்னா’ எந்தச் செடி என்பதில் நாடு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. வங்காளப் பக்கம் வாண்டா வேர். வடக்கே வேறொரு புதர்ச்செடி. தெற்கே, நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குத் தெரிந்த அரத்தை. ஒரே பெயர், மூன்று செடி, மூன்றுக்கும் குடும்ப உறவுகூடக் கிடையாது. தமிழ்நாட்டில் அரத்தை கடையில் கிடைப்பதால் வாண்டா ஓரளவு தப்பித்தது என்றே சொல்லலாம்.

வாசனை எங்கே போனது?

ஓசூர் ரோஜாவை முகர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசனை பெரிதாக இருக்காது. பல நாள் வாடாமல் இருக்கவும், நீளக் காம்பு வரவும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகங்களில் வாசனை பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. கல்யாண மேடையில் வைக்கும் ஊதா ஆர்க்கிட்டும் அப்படியே; அது பெரும்பாலும் டென்ட்ரோபியம், வாண்டா இல்லை.

வாண்டா பேரினத்தில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பெரிய பூ, அழுத்தமான நீலம் என்று பெயர் வாங்கியவை வேறு இனங்கள். கட்டம் போட்ட நம்ம ஊர்ச் செடியை ஒட்டுக்கலப்பு செய்பவர்கள் தேடி வந்தது வாசனைக்காக. தென்கிழக்கு ஆசியாவில் வீட்டுக்கு வீடு வளர்க்கப்படும், வாசனைக்குப் பெயர்போன ‘மிமி பால்மர்’ கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று இதுதான். சிங்கப்பூரின் தேசிய மலர், 1893-ல் பதிவாகி 1981-ல் அறிவிக்கப்பட்ட ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’. அதன் பெற்றோரைத் தாவரவியலாளர்கள் இப்போது வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் சிங்கப்பூர்க்காரர்கள் ‘வாண்டா’ என்று சொல்வதை விடவில்லை.

கிளையை வெட்டியே ஆகணும் என்றால்?

கவாத்து செய்யும்போதோ, மரம் விழும்போதோ செடியைக் காப்பாற்ற முடியும். வேரைப் பிய்க்காமல், முடிந்தால் ஒட்டியிருக்கும் பட்டைத் துண்டோடு எடுக்க வேண்டும். சொரசொரப்பான பட்டையுள்ள இன்னொரு மரத்தில், வடிகட்டிய மாதிரி வெயில் விழும் கிளையில், தேங்காய் நார்க் கயிறாலோ பருத்தித் துணியாலோ கட்டிவிட வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், தண்டை அறுத்துவிடும். தொட்டியில் மண் போட்டு நடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மண்ணுக்குள் போனால் வேர் அழுகிவிடும். மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் கட்டினால், புது வேர் விட்டுப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். அதுவரை மழை இல்லாத நாட்களில் காலையில் தண்ணீர் தெளித்தால் போதும். புது வேரின் நுனி பச்சையாகப் பட்டையைத் தொட்டுவிட்டால், கட்டை அவிழ்த்துவிடலாம்.