ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் ஏர்போர்ட் எங்கே?

"ஓல்டு ஏர்போர்ட் ரோடு" என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு உடனே ஞாபகம் வருவது உணவங்காடி நிலையம்தான். "ஏர்போர்ட் எங்க டீச்சர்?" என்று ஒரு மாணவராவது கேட்டால் சந்தோஷப்படுங்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

சதுப்பு நிலத்தைத் தூர்த்து, காலாங் விமான நிலையத்தை 1937 ஜூன் 12இல் திறந்தார்கள். இறங்குதளம் நீளமான ஓடுபாதை இல்லை, வட்டமான புல்தரை. ஏன் வட்டம்? அந்தக் கால விமானங்கள் இலேசானவை. காற்றை எதிர்த்து இறங்கினால்தான் பத்திரம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், வட்டத்தில் அதற்கு எதிர்த்திசை கிடைத்துவிடும். இந்த இடத்தில் அறிவியல் ஆசிரியரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்!

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த ராயல் சிங்கப்பூர் ஃப்ளையிங் கிளப்பும் அங்கேதான் இயங்கியது. வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் போர் நெருங்கியதும், அப்படிப் பறக்கப் பழகியவர்கள் தொண்டூழிய விமானப்படைக்குத் தேவைப்பட்டார்கள்.

1941 இறுதியில் காலாங் போர்விமானத் தளமாகிவிட்டது. நியூசிலாந்தின் 488ஆவது படைப்பிரிவு இங்கிருந்து 'பஃபலோ' விமானங்களில் பறந்தது. விமானிகளில் பலர் அனுபவம் குறைந்த இளைஞர்கள். விமானமோ ஜப்பானியப் போர்விமானங்களுக்கு ஈடுகொடுக்க முடியாதது. உயர்நிலை மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும், ஏனென்றால் அந்த விமானிகள் அவர்களைவிடச் சில வயதுதான் பெரியவர்கள்.

1942 ஜனவரியில் 'ஹரிக்கேன்' விமானங்கள் வந்து சேர்ந்தன. ரொம்பத் தாமதம். பிப்ரவரித் தொடக்கத்தில் தெங்கா, செம்பவாங், சிலேத்தார் மூன்றும் ஜொகூர்க் கரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. மிஞ்சியது நகரை ஒட்டிய காலாங் மட்டும். 10ஆம் தேதி வாக்கில் கடைசி ஹரிக்கேன்களும் சுமத்ராவுக்குப் போய்விட்டன. 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

ஜப்பானியர் இங்கே ஓடுபாதை அமைத்தார்கள். போருக்குப் பிறகு மறுபடியும் பயணிகள் விமானங்கள் வந்தன. ஆனால் விமானங்கள் பெரிதாகிக்கொண்டே போக, இடம் போதவில்லை. 1955இல் பாய லேபார் திறந்ததும் காலாங்கை மூடினார்கள்.

கட்டடம் இன்னும் நிற்கிறது. 1960 முதல் 2009 வரை மக்கள் கழகத்தின் தலைமையகம் அதுவே. ஸ்டேடியம் எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம். கண்ணாடி பதித்த உருளை வடிவக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் காட்டி, "இங்கிருந்து என்னென்ன தெரிந்திருக்கும்?" என்று கேளுங்கள். பத்து வரி எழுதச் சொல்லுங்கள், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.