வெட்டுண்ட வண்டியும் வேட்கையும்

'சொப்' என்னும் ஆங்கிலச் சொல் வெட்டுதல் எனப் பொருள்படும். அதனடியாகப் பிறந்ததே 'சொப்பர்' என்னும் பெயர். அமெரிக்காவிலே, சிறப்பாகக் கலிபோர்னியாவிலே, ஒருவகை மோட்டார்ச் சைக்கிளுக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. ஆலையிலிருந்து வந்த வண்டியை வந்தவாறே செலுத்தாது, வேண்டாதனவற்றை வெட்டியெறிந்து, உடையவன் தன் கருத்துக்கியைய ஆக்கிக்கொண்ட வண்டி அது. காரணப்பெயருக்கு உதாரணந் தேடும் மாணாக்கர் இதனையுங் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிய, ஊர் மீண்ட படைவீரர் சிலர் பாரமிகுந்த ஹார்லி டேவிட்சன் வண்டிகளை விரைவு கருதித் திருத்தினர். முன் மட்காட்டைக் கழற்றினர், பின்னதைக் குறுக்கினர். அன்று வெட்டியது பாரங் குறைத்தற்பொருட்டு. அறுபதுகளிலோ அழகே பயனாயிற்று. முன்சில்லைத் தாங்குங் கவை நீண்டது. சட்டத்தின் கழுத்தை அறுத்துச் சரிவாக மீண்டும் ஒட்டினர். கைபிடி தோளினும் மேலெழுந்தது. பெற்றோல் தாங்கி நிலக்கடலையளவிற்றென்று பெயர் பெறுமாறு சிறுத்தது. இங்ஙனஞ் சமைந்த வண்டி நேர்சாலையில் அசையாது செல்லும். மெல்லச் சென்று திரும்பும்போதோ முன்சில்லு ஒருபுறஞ் சாய்ந்து முரண்டும். அறிந்தே இவ்விடரை விரும்பியேற்றனர்.

பின்சில்லின் கதை இன்னும் விநோதமானது. 1957 வரை ஹார்லியின் பெரிய வண்டிகளிலே பின்சில்லுக்குச் சுருள்வில் இல்லை. 1958இல் அது வந்தது. முதுகெலும்புக்கு நலமான அம்மாற்றத்தைச் சொப்பர் விரும்பிகள் புறக்கணித்துப் பழைய விறைத்த சட்டத்தையே நாடினர். கழுத்திலிருந்து பின்னச்சுவரை முறியாது இறங்கும் அந்தக் கோடே அவர்க்கு வேண்டியது. 1984இல் அந்நிறுவனமே சுருள்வில்லைக் கீழே மறைத்து, வில்லற்றதுபோலத் தோன்றும் வண்டியொன்றை விற்பனைக்கு விட்டது. வேட்கைக்கு முன் ஆலையும் பணிந்ததென்க.

இயந்திரங்களுக்கு வழங்கும் பெயர்கள் எம்போன்ற இலக்கண ஆசிரியருக்கு விருந்து. 1936 முதல் 1947 வரை வந்தது 'நக்கிள்ஹெட்'. அதன் மேல்மூடி மடக்கிய கைமுட்டியை ஒக்கும். 1948 முதல் 1965 வரை வந்தது 'பான்ஹெட்'. அது கவிழ்த்த சட்டி. 1966இல் வந்த 'ஷவல்ஹெட்' சவளைப் போன்றது. இவை நிறுவனம் இட்ட பெயர்களல்ல; ஏறிச் செலுத்தினோர் வழங்கிய உவமையாகுபெயர்கள். இரண்டு உருளைகள் 45 பாகையிற் சாய்ந்து ஒரே தண்டின் முனையிற் பொருந்தியிருத்தலால், வெடிப்புக்கிடையே ஒருகால் 315 பாகையும் மறுகால் 405 பாகையும் கழியும். அதனாலெழும் ஒவ்வாத் தாளமே அன்பர் செவிக்கு இன்பம். 1994இல் நிறுவனம் அவ்வோசையை வணிகக் குறியாகப் பதிய விண்ணப்பித்து, 2000இல் மீளப்பெற்றுக்கொண்டது.

இவ்வண்டியை உலகறியச் செய்தது 1969இல் வெளிவந்த 'ஈசி றைடர்' திரைப்படம். பீற்றர் பொண்டா செலுத்திய, தாங்கியிலே அமெரிக்கக் கொடியின் கோலந் தீட்டப்பட்ட வண்டியை அறியாதார் சிலரே. அதனை ஆக்கியோரை அறிந்தார் அதனினுஞ் சிலர். கிளிவ் வோஸ், பென் ஹாடி என்னுங் கறுப்பின அமெரிக்கர் இருவர் முதன்மையாக நின்று, பழைய பான்ஹெட் வண்டிகளிலிருந்து அவற்றைச் சமைத்தனர். வோஸ், குடியுரிமைப் போராட்டத்திற் புகைப்படக்காரராகப் பணிபுரிந்தவர். ஹாடி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தேர்ந்த கைவினைஞர். படத்தின் பெயர்ப் பட்டியலில் இருவர்க்கும் இடமில்லை. நூலை அச்சிட்டு ஆசிரியன் பெயரை அட்டையில் விடுத்ததையொத்த இச்செயலை எவ்வாறு பொறுப்பது? படத்திற் பயன்பட்ட வண்டிகளுட் பல களவுபோயின. எஞ்சியதெனக் கூறப்பட்டதொன்று 2014ஆம் ஆண்டு ஏலத்தில் 13½ இலட்சம் டொலர் வரை கேட்கப்பட்டது. அது மெய்யானதோ என்னும் பூசலும் உடனெழுந்தது. வண்டியின் மெய்ம்மைக்கு வழக்காடியோர் செய்தவரின் பெயருக்காக அத்துணை வழக்காடினாரல்லர்.

இன்று பழைய சொப்பரை உடைமையாக்க விழைவோர் இருதலைக் கொள்ளியெறும்பாகத் தவிக்கின்றனர். பான்ஹெட் ஆலையில் வார்க்கப்படுதல் 1965உடன் நின்றது. ஒன்றை வெட்டினால் வெட்டாதது ஒன்று குறையும். வெட்டாது பேணுவோர் வெட்டுவோரைக் கொலைஞரென்பர். வெட்டுவோரோ, மரபென்பதே வெட்டுதலன்றோ என்பர். எமக்கு இருவர்மேலும் இரக்கமுண்டு. ஆயினும், அறுபதுகளில் ஒருவன் கைப்பட வெட்டிய வண்டியை மீண்டும் ஆலைக் கோலத்துக்குத் திருப்புதலும் ஓர் அழிவே என்போம்.

பழம்பாகங்கள் விற்குஞ் சந்தைகளில் இரு சாராரையுங் காணலாம். ஒருவர், அன்று வேண்டாமெனக் கழற்றி மூலையில் எறிந்த முன் மட்காட்டைப் பெருவிலை கொடுத்துத் தேடுகிறார். மற்றவர், அதனை எறிந்தவன் கையாற் செய்த தாங்கியைத் தேடுகிறார்.